நின்றபடியே இறங்கிய பேட்டரி

வண்டி இரண்டாவது தடவை கிளம்பாமல் நின்ற அன்று, சாயங்காலம் நாலே முக்காலுக்கு அதைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். ஸ்டீயரிங்கில் மாமா, அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டபடி நான். தள்ளுவதற்குத் தயாராக, எங்கள் லைன் வீட்டின் கடைசி அறையில் குடியிருக்கும் ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர். கேட்டில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா. இல்லாதவர்கள் இரண்டு பேர். அக்காவுக்கு ஜெனரல் ஷிப்ட். ஆறு மணிக்கு மேல்தான் கம்பெனி பஸ் அவளை மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் இறக்கிவிடும். அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருப்பவர் வண்டி தள்ளவா வரப்போகிறார்? அவர் இல்லாததை யாரும் யோசிக்கவில்லை.

“போடு மாமா.”

மாமா சாவியைத் திருப்பினார். டக் டக் டக் என்று உள்ளே ஏதோ தட்டியது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன.

“இன்னொரு தடவ.”

“இன்னொரு தடவ போட்டா பேட்டரி மனசு மாறிடுமா மாப்ள? டிப்ளமோ படிச்சவன் நீ. கம்பெனியில மிஷின் நின்னா அங்கயும் இப்பிடித்தான் கெஞ்சுவியா?”

வீட்டுக்கார அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் ஏறி, காலை ஆறுக்கு இறங்கி, பகலில் தூங்கி எழுந்த முகம் அது. சி ஷிப்ட் வாரத்தில் எனக்கு எந்தச் சிரிப்பும் அரை மணி நேரம் தாமதமாகத்தான் புரியும்.

நால்வரும் சேர்ந்து தள்ளினோம். மாமா ஒரு காலை வெளியே ஊன்றித் தள்ளிக்கொண்டே உள்ளே தாவினார். மளிகைக் கடைக்கு முன்னால் மூன்றாவது உந்தலில் வண்டி இருமிக்கொண்டு எழுந்தது. மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். ஐந்து மணிக்குக் கம்பெனி கேட்டில் நிற்க வேண்டிய வண்டி ஐந்து முப்பத்தைந்துக்குப் போய் நின்றது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பெண்கள் நாலு பேர் செக்யூரிட்டி கூண்டு நிழலில் கைப்பையோடு காத்திருந்தார்களாம்.

அந்த நாலு பேரைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வீடு சேர்ப்பதுதான் மாமாவின் வேலை. முன்பு தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆளாக ஒன்பது வருஷம் இருந்தார். ஒரு நாள் லைனையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு என் பெயரில் கடன் போட்டு இந்தப் பழைய சின்னக் காரை வாங்கினோம். வீட்டில் சம்பளச் சீட்டு வைத்திருப்பவன் நான்தானே. பேங்கில் கையெழுத்துப் போடத் தெரிந்தவனும் நான்தான். அப்பா, அம்மா, அக்கா மூவருக்கும் அந்த நீளமான ஃபாரத்தில் ஒரு வரி புரியாது. அந்தக் கம்பெனியில் வண்டியைச் சேர்த்துக்கொண்ட அன்றே டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் மாமாவிடம் சொல்லியிருந்தார்: “மூணு தடவ லேட்டானா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவன். சண்டைக்கு வராதீங்க, எல்லா வண்டிக்கும் அதே ரூல்தான்.” இது இரண்டாவது.

முதல் தடவை மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு புதன்கிழமை. அன்றைக்கு நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டரி பழசு, வண்டியோடு வந்தது. மறுநாளே மாமாவும் நானும் பேட்டரிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; ஓசூருக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. டெஸ்டரை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“செத்துப்போச்சு தம்பி. ஆனா வயசாகி மட்டும் சாகலை. வண்டி நிக்கையில எவனோ உக்காந்து குடிக்கான்.”

“எவனோன்னா?”

“வயரு எங்கயாவது எர்த் ஆகும், இல்லன்னா லைட்டு எதாவது அணையாம எரியும். நீங்க எலக்ட்ரிக்கல் படிச்சியளாமே, மீட்டர வச்சுப் பாருங்க. புதுசு மாட்டித் தாரேன். ஆனா குடிக்கவன் குடிச்சிக்கிட்டேதான் இருப்பான்.”

புதிய பேட்டரி மாட்டினோம். இரண்டு வாரத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. மாமா அந்தக் கடைக்காரரை வியாபாரத்துக்காகப் பயமுறுத்துகிற ஆள் என்று திட்டிக்கூட முடித்துவிட்டார். அப்புறம்தான் இந்த வியாழக்கிழமை.

எங்கள் வீடு என்பது ஒரு அறையும் ஒரு சமையல் இடமும். அப்பா மாசிக் கடைசியில் கண் ஆபரேஷனுக்காக வந்தவர். கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்குப் பண்ணியாயிற்று. அது ஆறிய பிறகு இன்னொன்று. தூசி படக்கூடாது, புகை படக்கூடாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். தக்காளி பழுத்து நிற்கிற நேரம். அங்கே இருந்தால் குனியாமல் இருக்க மாட்டார் என்று அம்மா மாட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டு அவரை மட்டும் இங்கே அனுப்பினாள்.

பகலில் அக்கா வேலைக்குப் போய்விடுவாள். மாமா காலை டிரிப் முடிந்து வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டு, வாட்டர் கேன் ஏஜென்சிக்கு லோடு ஏற்றப் போவார். திரும்ப நாலரை ஆகும். எங்கள் சந்துக்குள் கார் நுழையாது. வீட்டுக்கார அம்மாவின் கேட்டை ஒட்டி, தெருவில்தான் நிற்கும். ஆக, நான் சி ஷிப்ட் போகிற வாரத்தில் பகலில் அந்த அறையில் இருப்பது இரண்டே பேர். தூங்குகிற நானும், தூங்காத அப்பாவும்.

அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. போனில் பேசினால், ராயக்கோட்டைக்குப் போன் இல்லாமலே கேட்கும். முதல் சி ஷிப்ட் வாரத்தில், செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், பதினோரு மணி இருக்கும். “பாக்ஸ் எவ்வளவுக்குப் போச்சு? நல்லாக் கேட்டியா? கேட்டியா இல்லையா?” என்று அவர் அம்மாவிடம் தக்காளி விலை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, “ஒரு மனுசன் தூங்க வேணாமாப்பா? நைட்டெல்லாம் நின்னுட்டு வந்து படுக்கறன்” என்று கத்திவிட்டு மறுபடி விழுந்தேன். அதன்பிறகு பகலில் வீடு அமைதியாகிவிட்டது. அப்பா பழகிக்கொண்டார் என்று நினைத்தேன். எழும்போது அவர் இருக்க மாட்டார்; டீக்கடையில் இருப்பார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இரண்டாவது தடவை வண்டி நின்றதற்கு மறுநாள் காலை, ஷிப்ட் முடிந்து வந்ததும் படுக்காமல் மீட்டரை எடுத்தேன். படிக்கும்போது வாங்கிய மல்டிமீட்டர். மாமா டிரிப்பிலிருந்து வந்து நிறுத்தியதும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோத்தேன். முதலில் எண் எகிறியது. பயந்துவிட்டேன். பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, உள்ளே கூரை விளக்கு எரிகிறது. கதவைச் சாத்தி, கால் மணி நேரம் காத்திருந்தேன். கண் தானாக மூடியது. மறுபடி பார்த்தபோது முப்பது மில்லி ஆம்பியர். வண்டி இருக்கும் இடத்தைக் கம்பெனிக்குக் காட்டும் ட்ராக்கருக்கும் கடிகாரத்துக்கும் அந்த அளவு வேண்டும். அதில் பேட்டரி இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

“என்னா சொல்லுது?” என்றார் மாமா.

“ஒண்ணும் லீக் இல்ல மாமா.”

“ஒண்ணும் இல்லன்னா ஏன் நிக்குது?”

“அதான் தெரியல.”

“சரி, தெரியலன்னு சொல்றதுக்கு மூணு வருசம் படிக்கணும்போல.”

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் அவர் கண் என் கையிலிருந்த மீட்டரை விடவில்லை.

மீட்டர் பொய் சொல்லலாம், ஒயரை அறவே கழற்றி வைத்தால் தெரிந்துவிடும் என்று, அன்று நெகட்டிவ் ஒயரைக் கழற்றித் துணி சுற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். நாலரைக்கு மாட்டினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. அப்படியானால் வயரிங்கில்தான் எங்கேயோ ஓட்டை, என் மீட்டருக்கு அது சிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். தினமும் கழற்றி மாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்றும் தோன்றியது. அன்று சாயங்காலமே டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் போன் செய்தார். “பகல் பூரா உங்க வண்டி ட்ராக்கர் ஆஃப்ல இருக்குது. லேடீஸ் ஏத்தற வண்டி அது. இன்னொரு தடவ ஆஃப் ஆச்சுன்னா அதையும் லேட்டு மாதிரித்தான் எழுதுவன்.” ஒயரைக் கழற்றும் வழி அதோடு அடைபட்டது.

சனிக்கிழமை அப்பாவுக்குக் கண் செக்கப். காலையிலேயே பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் வந்தார். அன்று நான் வண்டியைத் தொடவில்லை, அதுவாகவே நன்றாகக் கிளம்பியது. பழுதாக இருந்தால் தினமும் பழுதாக இருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் மிக மோசமான கோளாறு இதுதான். வந்து வந்து போகிற கோளாறு. ஆள் பார்க்கும்போது மிஷின் ஒழுங்காக ஓடும்.

அடுத்த வாரம் எனக்கு ஏ ஷிப்ட், அதற்கடுத்து பி. ஒரு எலக்ட்ரீசியனை வரவழைத்தோம். அவர் ஸ்டீரியோவைக் கழற்றி, பழைய சொந்தக்காரர் ஒட்டுப்போட்ட ஒயரையெல்லாம் பிரித்து, டேப் சுற்றி, மறுபடி மாட்டிக் கொடுத்தார். “இனிமே நிக்காது” என்றார். நிற்கவுமில்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. புது பேட்டரி போட்டபோதும் இப்படித்தானே இரண்டு வாரம் ஓடியது.

நான் பேப்பரை எடுத்தேன். கம்பெனியில் ஒரு மிஷின் திரும்பத் திரும்ப நின்றால் நாங்கள் மீன்முள் படம் போடுவோம். நடுவில் முதுகெலும்பு, தலையில் கோளாறு, பக்கத்துக்கு இரண்டாக முட்கள்: மெஷின், மெட்டீரியல், மெத்தட், ஆள். ஒவ்வொரு முள்ளிலும் காரணமாக இருக்கக்கூடியதை எழுத வேண்டும். மெஷின் முள்ளில் பதினான்கு எழுதினேன். ஆள் என்ற முள்ளில் ‘டிரைவர்’ என்று ஒன்று எழுதி, மாமா சாவியை எடுத்துவிட்டாரா, விளக்கை அணைத்தாரா என்று கேட்டு, அதையும் அடித்துவிட்டேன். அந்த முள்ளில் எழுத வேறு ஆள் இருப்பதாக எனக்குப் படவே இல்லை.

அதோடு ஒரு லாக் ஷீட்டும் போட்டேன். தேதி, கிழமை, ஷிப்ட், கிளம்பியது அல்லது கிளம்பவில்லை, ரிமார்க்ஸ். காருக்கு ஏது ஷிப்ட்? ஆனால் நான் இதுவரை கோடு போட்ட எல்லாத் தாள்களிலும் தேதிக்குப் பக்கத்தில் அந்தக் கட்டம் இருந்தது. கை தானாகப் போட்டுவிட்டது. போட்ட கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் அந்தந்த நாளில் நான் என்ன ஷிப்ட் போனேன் என்று எழுதி நிரப்பினேன். முதல் தடவை நின்ற நாள், பேட்டரி மாற்றிய நாள், இரண்டாவது தடவை நின்ற நாள் எல்லாம் போனில் இருந்த அழைப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

எழுதி முடித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தேன். கிளம்பாத இரண்டு நாட்களுக்கும் நேரே சி. ஏ, பி வாரங்களில் ஒரு கோளாறுகூட இல்லை.

மாமாவிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளைப் பிடித்துப் பார்த்தார்.

“என்னா மாப்ள, நீ நைட் ஷிப்ட் போனா வண்டிக்கும் தூக்கம் கெட்டுப்போகுதா?”

“விளையாடாத மாமா. என்னமோ இருக்குது. நாளைல இருந்து மறுபடி சி.”

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மூணாவது தடவ நின்னா என்னா ஆகும்னு ரெண்டு பேரும் பேசவே மாட்டேங்கறீங்களே.”

மாமா தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். படித்தவர்கள் பேப்பரை வைத்துப் பேசும்போது அவர் வாய் திறப்பதில்லை. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே தொடங்கிய பழக்கம் அது.

திங்கள் இரவு ஷிப்டில், ஒயரைக் கழற்றாமலே கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை எங்கள் ஷிப்ட் இன்சார்ஜிடம் கெஞ்சி வாங்கி, கேட் பாஸ் எழுதி எடுத்துவந்தேன். செவ்வாய் காலை வழக்கம்போலப் படுத்தேன். பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்திருந்தேன். பகல் நடுவில் போய் அளக்க வேண்டும். இதுவரை நான் அளந்ததெல்லாம் காலை எட்டரைக்கு. அலாரம் அடித்தபோது உடம்பு எழவில்லை. காலைத் தரையில் வைத்தபோது யாருடைய காலோ போல இருந்தது. அறையில் அப்பா இல்லை. காலண்டர் ஆணியில் சாவி இல்லை. மாமா மறந்து எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே சந்துக்கு வெளியே வந்தேன்.

வெயிலில் கார் நின்றது. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. டிரைவர் சீட்டில் அப்பா. கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு, காதில் போன். வாய் பெரிதாகத் திறந்து மூடுகிறது, கை ஆடுகிறது, நரம்பு புடைக்கிறது. வெளியே ஒரு சத்தம் இல்லை. தெருவில் ஜல்லி லாரி ஒன்று போனது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். அவர் திடுக்கிட்டுப் போனை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். உள்ளேயிருந்து ஃபேன் காற்றும் ஒரு கன்னடப் பாட்டும் வந்தன. அவர் அவசரமாகப் பாட்டைக் குறைத்தார்.

“எழுந்துட்டியா? அங்க வரைக்குமா கேட்டுச்சு?”

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சாவி ‘ஆன்’ நிலையில் இருந்தது. டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“தினமுமாப்பா?”

“தினமும் எங்க? நீ நைட்டுக்குப் போற வாரம் மட்டும்தான். நீ தூங்கணுமில்ல. வெளிய உக்காந்தா தூசி. கண்ணுக்கு ஆகாதுன்னு சொல்லிருக்காங்க.” அவர் ஸ்டீயரிங்கைத் தடவினார். “மாப்ளதான் சொல்லிக் குடுத்துது, ஆஸ்பத்திரில இருந்து வரும்போது. ரெண்டு திருப்பு திருப்பினா ஃபேன் ஓடும், பாட்டு பாடும், என்ஜின் ஓடாதுன்னு. ஒரு சொட்டு பெட்ரோல் செலவு பண்ணல நான். சத்தியமா என்ஜின் போடல.”

“பெட்ரோல் இல்லப்பா. பேட்டரி. பேட்டரிதான் இறங்குது. அதனாலதான் சாயங்காலம் கிளம்பல.”

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அந்தச் சின்ன ஃபேன் ஓட்டைகளைப் பார்த்தார்.

“இத்தனூண்டு காத்துக்கா? இவ்வளவு பெரிய வண்டியக் கிளப்பறது இந்தக் காத்துக்குத் தீந்துபோகுமா?”

“இந்தச் செவப்பு லைட்டு எரியுதே, பாக்கலியா?”

“பாத்தனே! ரெண்டு மூணு செவப்பு. ஆபரேசன் பண்ண கண்ணுல நல்லாத் தெரியுது. கண்ணு தெளிஞ்சிடுச்சுன்னு உங்கம்மாகிட்டகூடச் சொன்னன்.”

“போன தடவ ஒரு வெள்ளிக்கிழம நான் ஒயரக் கழட்டி வச்சிருந்தனே, அன்னிக்கு ஃபேன் ஓடிருக்காதே?”

“ஓடல. ரிப்பேர் போலன்னு கம்முனு உக்காந்துக்கிட்டன். ஏற்கெனவே வண்டித் தொல்லையில கெடக்கறீங்க, இதுல ஃபேனும் போச்சுன்னு எதுக்குச் சொல்லணும்னு.”

வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “அவரு தினம் பத்தரை மணிக்கி வந்து உக்காருவாரு, மூணு மணிக்கிப் போவாரு. டைமுக்கு வர்ற பஸ்ஸு மாதிரி” என்றார்.

“ஏம்மா, அன்னிக்கு வண்டி தள்ளறப்ப நின்னு சிரிச்சீங்களே, சொல்லியிருக்கலாமில்ல?”

“எவரு அடிகாரு நன்னு? என்னை யாரு கேட்டீங்க? நீ பேப்பர், மீட்டரு எல்லாம் வச்சிக்கினு பாக்குற. நானு என்னா சொல்றது?”

இதோடு முடித்திருக்க வேண்டும். சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் எனக்குக் காரணம் தெரிந்ததும் அதை நிரூபிக்க வேண்டும் என்று இருந்தது. கம்பெனியில் காரணம் கண்டுபிடித்தால் போதாது. எண்ணோடு காட்ட வேண்டும். கிளாம்ப் மீட்டரை பேட்டரி ஒயரில் மாட்டினேன். எட்டே முக்கால் ஆம்பியர். முன்பு ஒரு காலையில் பார்த்த முப்பது மில்லி எங்கே, இது எங்கே. ஃபேனை ஒன்றில் வைத்தால் எவ்வளவு, இரண்டில் எவ்வளவு, பாட்டை நிறுத்தினால் எவ்வளவு என்று லாக் ஷீட்டின் பின்பக்கம் எழுதினேன். அப்பாவுக்கும் புரிய வேண்டும், மாமாவுக்கும் காட்ட வேண்டும். இன்னும் அரை மணி நேரம் ஓடவிட்டு வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

“நீங்க அப்பிடியே உக்காருங்கப்பா. ஃபேன் ஓடட்டும். நான் சொல்றப்ப ஆஃப் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, வெயில் தாங்காமல் மறுபக்கம் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். லாரிச் சத்தம் நின்றது. அறையில் ஒரு நாளும் இல்லாத அமைதி அது. அப்பா பாட்டை நிறுத்தினார். முகத்தில் காற்று பட்டது. நான் சீட்டைச் சற்றுப் பின்னால் சாய்த்தேன். தாள் மடியில் இருந்தது. பன்னிரண்டு நாற்பது என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது.

அடுத்து ஞாபகம் இருப்பது மாமா கண்ணாடியில் ஓங்கித் தட்டிய சத்தம்.

நாலு முப்பத்தைந்து. ஃபேன் ஓடவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை. அப்பா அதே இடத்தில், கை ஸ்டீயரிங்கில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவருடைய துண்டு என் நெஞ்சின்மேல் கிடந்தது.

“என்னாடா இது, அப்பனும் மகனும் கார்ல குடித்தனமா?” என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்த மாமா, சாவி இருந்த நிலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே கையை விட்டுத் திருப்பினார். இந்த முறை டக் டக்கூட இல்லை.

“ஏம்ப்பா ஆஃப் பண்ணல?” என்றேன்.

“நீ சொல்றப்ப ஆஃப் பண்ணச் சொன்ன. நீ சொல்லல.” அப்புறம் மெதுவாக, அவர் மெதுவாகப் பேசி நான் முதல்முறையாகக் கேட்டேன்: “நல்லாத் தூங்கின. மூணு மணிக்கே காத்து கொறஞ்சிடுச்சு. எழுப்ப வேணாம்னு இருந்தன்.”

ஒடிசாக்காரர்கள் வேலையில் இருந்தார்கள். மாமாவும் நானும் அப்பாவும்தான் தள்ளினோம். அப்பாவைத் தள்ள வேண்டாம் என்றோம், அவர் கேட்கவில்லை. பாரம் தள்ளக்கூடாத கண்ணோடு அவர் பின்பக்கம் தோளைக் கொடுத்தார். மளிகைக் கடை தாண்டி, பால் பூத் தாண்டி, மேடு வரைக்கும் தள்ளினோம். வண்டி எழவில்லை. மாமா ஓடிப்போய் தெரிந்த ஒருவருடைய வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனபோது ஐந்து ஐம்பது. நாலு பெண்களில் இரண்டு பேர் அதற்குள் ஆட்டோவில் போய்விட்டார்கள்.

டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் கத்தவில்லை என்று மாமா சொன்னார். “நான்தான் முன்னாடியே சொன்னனே” என்றாராம். ட்ராக்கரைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். மறுநாள் காலையில் வேறொரு வெள்ளைக் கார் அந்த நாலு பேரையும் ஏற்றிப் போவதை, ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் நானே பார்த்தேன்.

மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த லாக் ஷீட்டை மட்டும் கேட்டு வாங்கினார். ரிமார்க்ஸ் கட்டத்தில் நான் எழுதாமல் விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். “ஷிப்ட் எல்லாம் கரெக்டாத்தான் எழுதிருக்க மாப்ள” என்றார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் அவர் முழு நாளும் வாட்டர் கேன் தூக்கினார். கார் கேட்டோரம் நின்றது. அப்பாவுக்கு இரண்டாவது கண்ணும் ஆனது. நான் சி ஷிப்ட் போன வாரத்தில் அவர் பகலில் எங்கே போனார் என்று இந்தத் தடவை கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாராம். “அங்க சத்தமாப் பேசினா யாரும் கேக்கறதில்ல” என்றார். அறையிலேயே இருங்கள், பேசுங்கள், நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார். இருந்தும் பத்தரைக்குச் செருப்புச் சத்தம் வெளியே போனது. பஞ்சையும் மீறி எனக்குக் கேட்டது.

ஆறாவது வாரம், பாகலூர் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனிக்கு மாமாவின் வண்டியைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் அக்கா ராகிக் களியும் கோழிக் குழம்பும் செய்திருந்தாள். மறுநாள் அப்பா ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில் அவர் கையை நிறுத்தி, எல்லோரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்.

“பேட்டரி, ரிப்பேரு, அன்னிக்குப் புடிச்ச வண்டி, இந்த அஞ்சு வாரம்... எல்லாம் சேத்து எவ்வளவுடா ஆச்சு?”

நான் ஒரு சின்னத் தொகையை மனதில் தேடிக்கொண்டிருந்தேன். ஐயாயிரம் என்று சொல்லலாமா, அதையும் நம்புவாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அதற்குள் மாமா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், குழம்பில் களியைத் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

“முப்பத்தாறாயிரத்து நானூறு.”